முட்புதரில் காய்த்த மருந்து

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், மழைக்காட்டுப் பெருமரங்களின் நிழலில் ஒரு முள்மரம் வளர்கிறது. இலை நகத்தளவுதான். காய் விரல் நீளம், விரல் பருமன். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா, கருப்பு என்று பல நிறங்களில் தொங்கும். குறுக்கே நறுக்கிப் பிதுக்கினால் சாறு ஒழுகாது; வேகவைத்த ஜவ்வரிசி போன்ற மணிகள் கொட்டும். பல் பட்டதும் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக வெடித்துப் புளிக்கும். விரல் எலுமிச்சை என்று அதற்குப் பேர்.

அந்தக் காட்டின் பூர்வகுடிகள் காலங்காலமாகத் தின்றுவந்த பழம் இது. வெள்ளைக்காரர்கள் குடியேறியபோது அவர்கள் கண்ணுக்கு மரம் தெரியவில்லை, முள்தான் தெரிந்தது. இவ்வகைக் காடுகளில் பெரியது நியூ சவுத் வேல்ஸின் வடக்கே இருந்த 'பிக் ஸ்க்ரப்'. ஏறக்குறைய 75,000 ஹெக்டேர். மாடு மேய்க்கவும் பயிர் வைக்கவும் வெட்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அங்கங்கே ஓடைக்கரைகளிலும் வேலியோரங்களிலும் தப்பிய மரங்களின் வழியாகத்தான் விரல் எலுமிச்சை பிழைத்தது.

தாவரவியல்காரர்கள் மட்டும் அதைக் கவனித்தார்கள். 1858இல் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் அதற்குச் சிட்ரஸ் ஆஸ்ட்ரலாசிகா என்று பெயரிட்டார். 1915இல் அமெரிக்கரான வால்டர் ஸ்விங்கிள் அதைச் சிட்ரஸிலிருந்து பிரித்து 'மைக்ரோசிட்ரஸ்' என்று தனிப் பேரினமாக்கினார். 1998இல் மறுபடி சிட்ரஸிலேயே சேர்த்தார்கள். பெயர் இப்படி அலைந்துகொண்டிருந்த காலத்தில் மரம் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ரிவர்சைடு நகரப் பல்கலைக்கழகத்தின் சிட்ரஸ் தொகுப்பில் ஏறக்குறைய ஆயிரம் வகைகள், வகைக்கு இரண்டு மரமாக நிற்கின்றன. 1910இல் தொடங்கிய தொகுப்பு அது. காசு தரும் வகைகளும் உண்டு. எதற்கும் உதவாத காட்டு உறவினர்களும் உண்டு. ஆஸ்திரேலிய முள்மரங்கள் இரண்டாவது வரிசையைச் சேர்ந்தவை. இந்த மாதிரிச் 'சும்மா' மரங்களுக்கு ஆண்டுதோறும் தண்ணீரும் கூலியும் செலவழிக்க ஒப்புக்கொண்டவர்களைத்தான் இந்தக் கதையில் நான் முதலில் கும்பிடுவேன்.

இதற்கிடையில் ஆசியாவிலிருந்து வேறொன்று புறப்பட்டிருந்தது. தெற்குச் சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் பச்சை மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்து, பிறகு மரமே பட்டுப்போகும் நோய் நெடுநாளாக இருந்தது. மண்ணில் சத்துக் குறைவு, தண்ணீர் தேங்குகிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இது ஒட்டுக்கட்டும்போது மரத்துக்கு மரம் தொற்றும் நோய் என்று 1956இல் லின் குங்-சியாங் நிறுவினார். நம் நாட்டில் பஞ்சாபின் எலுமிச்சைத் தோட்டங்களைச் சில்லா என்ற பூச்சி பாழாக்குவதை 1927லேயே ஹுசைனும் நாத்தும் எழுதி வைத்தார்கள். அந்தப் பூச்சியே நோயைச் சுமந்து திரிகிறது என்பதை 1967இல் எஸ்.பி. கபூரின் குழு காட்டியது. கிரீனிங் என்று நம் விவசாயிகள் சொல்லும் நோய் இதுதான். கீழ்ப்பழனி மலைகளில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நின்ற கொடை ஆரஞ்சு தேய்ந்துபோனதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

நோயின் சூட்சுமம் அது குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும் புளோயம் குழாய்களுக்குள் மட்டுமே நோயை உண்டாக்கும் பாக்டீரியா வாழும். அது புகுந்ததும் மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. இலையில் மாவுச்சத்து தேங்குகிறது, வேர் பட்டினியில் சாகிறது. இலைநரம்பின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மஞ்சள் என்று ஒழுங்கில்லாத திட்டு விழும். காய் கோணலாகிச் சிறுத்து, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நின்று, கசந்து, காலத்துக்கு முன்னே உதிரும். புளோயத்துக்குள் இருப்பதால் மேலே தெளிக்கிற மருந்து லேசில் எட்டாது. ஆய்வுக்கூடத் தட்டில் தனியாக வளர்த்துப் பார்க்கவும் அது இடம் கொடுப்பதில்லை.

1998இல் சில்லா பூச்சி ஃபுளோரிடாவில் தென்பட்டது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்காரும். வேலிக்கு வைக்கும் ஆரஞ்சு மல்லிகைச் செடிகளில் ஏறி, நர்சரி லாரிகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2005இல் நோயும் வந்தது. 2003-04 பருவத்தில் ஃபுளோரிடா 24.2 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்தது. பெட்டிக்குச் சுமார் 41 கிலோ. 2024-25இல் ஏறக்குறைய 1.2 கோடிப் பெட்டி. சூறாவளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் முதுகெலும்பை முறித்தது கிரீனிங்தான். அலிகோ என்ற பெரிய நிறுவனம் ஆரஞ்சு சாகுபடியை விட்டுவிடுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது.

கையில் இருந்த ஆயுதம் ஆண்டிபயாடிக். மனிதருக்குக் கொடுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் தோப்பில் தெளிக்க 2016இல் அவசர அனுமதி கொடுத்தார்கள். பெருமளவு மருந்து இலையிலேயே நின்று வெயிலில் வீணாயிற்று. மனிதரைத் தாக்கும் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகுமே என்ற கவலையும் எழுந்தது. ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் கொடுத்த அனுமதியை 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அடிமரத்தில் துளையிட்டு ஆக்சிடெட்ராசைக்ளினை ஏற்றும் முறை 2022க்குப் பிறகு பரவியது. இன்று தோப்புகளை ஓரளவு நிற்க வைத்திருப்பது அதுதான்.

முள்மரத்தின் கதை இங்கே மறுபடி சேர்கிறது. ரிவர்சைடின் சந்திரிகா ராமதுகுவும் கூட்டாளிகளும் சிட்ரஸ் வகைகளையும் அதன் தூரத்து உறவினர்களையும் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் திறந்த வெளியில் நட்டு, பூச்சிக்கும் நோய்க்கும் விட்டுவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். எல்லா மருந்தையும் தெளித்து மரத்தைக் காப்பாற்றத் துடிப்பவர்கள் நடுவே, எது சாகிறது என்று பொறுமையாகக் கணக்கெடுக்கவும் நெஞ்சுரம் வேண்டும். 2016இல் முடிவு வெளியானது. ஆரஞ்சும் அதன் நெருங்கிய சொந்தங்களும் நோயில் விழ, ஆஸ்திரேலிய வகைகள் தாக்குப்பிடித்து நின்றன.

ஏன் நின்றன? அதே பல்கலைக்கழகத்தின் ஹெய்லிங் ஜின் இதைத் தேடினார். நோயில் விழும் மரத்திலும் தாங்கும் மரத்திலும் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டதில், தாங்கும் மரங்களில் கூடுதலாக வேலை செய்யும் ஒரு மரபணு அகப்பட்டது. அது உண்டாக்குவது ஒரு சின்னப் புரதத் துண்டு, அதாவது பெப்டைடு. சோதிப்பதற்கும் குறுக்கு வழி தேவைப்பட்டது. சிட்ரஸ் மரத்தில் நோய் வெளிப்பட மாதக்கணக்காகும். ஆகவே உருளைக்கிழங்கைத் தாக்கும் சொந்தக்காரப் பாக்டீரியாவையும், அதைச் சுமக்கும் பூச்சியையும், புகையிலை இனச் செடி ஒன்றையும் வைத்து முதல் கட்டச் சோதனைகளை நடத்தினார்கள். 2021இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

பெப்டைடின் வேலை இரண்டு. பாக்டீரியாவின் மேல்சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதை வெளியே கசியவிட்டுக் கொல்வது ஒன்று. மரத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியை எழுப்பி, நோயில்லாத மரத்துக்குத் தடுப்பு மருந்தாவது இன்னொன்று. சூட்டையும் தாங்கும், 54 டிகிரி செல்சியஸிலும் வீரியம் போகாது. ஃபுளோரிடா வெயிலுக்கு அது போதும். இலையில் தெளிக்கலாம், அடிமரத்தில் ஏற்றலாம். இவை அனைத்துக்கும் மேல் எனக்குப் பெரிதாகப்படுவது, இது ஏற்கனவே மனிதர் தின்கிற பழத்தில் இருக்கும் பொருள் என்பது.

எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து மரத்தடியில் ஊற்றினால் கிரீனிங் போகுமா என்று கேட்கத் தோன்றலாம். போகாது. விரல் எலுமிச்சையைப் பிழிந்து ஊற்றினாலும் போகாது. மரபணுவின் கட்டளையை நுண்ணுயிரியிடம் கொடுத்து, பெப்டைடை மட்டும் செய்யவைத்துச் சுத்திகரித்தால்தான் அது மருந்து. பாட்டி வைத்தியப் பட்டியலில் இதைச் சேர்த்துவிடக் கூடாது.

2020லேயே பல்கலைக்கழகம் இதன் உரிமத்தை மாசசூசெட்ஸின் இன்வாயோ நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. மரத்துக்குள் மருந்தை ஏற்றும் கருவியிலும் தேர்ந்த நிறுவனம் அது. பத்திரிகைகள் அப்போதே 'கிரீனிங்குக்கு மருந்து வந்துவிட்டது' என்று எழுதின. அது அவசரம். கட்டுரையில் உள்ள முடிவுகள் பசுமைக்குடிலில் நின்ற மரங்களில் கிடைத்தவை. தோப்பு மரம் பெரியது, அங்கே பூச்சி தினமும் புதுக் கிருமியைக் கொண்டுவந்து இறக்கும், புயல் வரும், மருந்தின் விலை பழத்தின் விலைக்குள் அடங்க வேண்டும். பெப்டைடு பாக்டீரியாவைக் கொல்லும், சரி. செத்துப்போன வேரை அது உயிர்ப்பிக்காது. முற்றிய மரத்தைவிட இளங்கன்றுக்கே இது கைகொடுக்கும் என்பது என் கணிப்பு.

நம் ஊர் ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்கு இன்றைக்குக் கைக்கு எட்டுகிற வழிகள் பழையவைதாம். வலைக்குடிலில் வளர்த்த, நோயில்லாத தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றை மட்டும் வாங்க வேண்டும். தளிர் விடும் சமயத்தில் சில்லாவைக் கண்காணிக்க வேண்டும். நோய் கண்ட மரத்தைப் பாவம் பார்க்காமல் அகற்ற வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில்லா பூச்சி விரும்பி முட்டையிடும் செடிகளில் நம் கறிவேப்பிலையும் ஒன்று. அமெரிக்கா பச்சைக் கறிவேப்பிலையையும் கன்றையும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வது இதனால்தான். கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு கொத்தைப் புடவைக்கு நடுவே ஒளித்து வைக்காதீர்கள். அங்கேயே உரிமம் பெற்ற நர்சரியில் கன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பிறகு அந்த ஊரை விட்டு நகர்த்தாமல் இருந்தால் போதும்.