சி மொழியில் பெயர்வுத்திறன்

ஒரு வகைக் கணினியில் எழுதிய நிரலைத் திருத்தாமலோ சிறிதளவே திருத்தியோ வேறு வகைக் கணினியில் இயக்க முடிவது பெயர்வுத்திறன். சி மொழி இந்த நோக்கத்தோடு பிறந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிச்சி அதைப் பிடிபி-11 கணினிக்காகவே உருவாக்கினார். 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது.

சோதனை 1977இல் வந்தது. ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யுனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுபோக முனைந்தனர். பிடிபி-11இல் 'இன்ட்' என்னும் முழு எண் வகை 16 பிட். புதிய கணினியில் 32. சுட்டியையும் முழு எண்ணையும் வேறுபாடின்றிக் கலந்து எழுதும் பழக்கம் அப்போது தொல்லையாக வெளிப்பட்டது. மொழியின் வகை விதிகள் இறுகின. அசட்டையான நிரல்களைப் பிடித்துக் காட்ட ஜான்சன் 'லின்ட்' என்ற கருவியை எழுதினார்.

மொழியைத் தரப்படுத்த 1983இல் அமைந்த குழுவின் உழைப்பால் 1989இல் அமெரிக்கத் தரமும் 1990இல் ஐஎஸ்ஓ தரமும் வெளிவந்தன. ஆனால் தரம் எல்லாவற்றையும் கட்டிப்போடவில்லை. 'இன்ட்' குறைந்தது 16 பிட் என்கிறது, அவ்வளவுதான். எழுத்துக்கான 'சார்' வகை எதிர்மக் குறி ஏற்குமா என்பதையும் கம்பைலரிடமே விட்டுவிட்டது. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஓர் எழுத்தை வாசிக்கும் 'கெட்சார்' தருவது 'இன்ட்' மதிப்பு. கோப்பு முடிந்தால் பெரும்பாலும் -1 வரும். அதை 'சார்' மாறியில் வாங்கினால், இன்டெல் வகைக் கணினிகளில் 255 என்ற பைட்டும் -1 ஆகத் தெரிந்து வாசிப்பு நடுவிலேயே நின்றுவிடலாம். ஏஆர்எம் லினக்ஸிலோ 'சார்' எதிர்ம மதிப்பை ஏற்பதில்லை. அதனால் வாசிக்கும் வளையம் முடியவே முடியாது. இரண்டு இடத்திலும் ஓடுவது எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாத அதே நிரல்தான்.

இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் டாஸ் காலத்து டர்போ சி நெடுங்காலம் நீடித்தது. அதில் 'இன்ட்' 16 பிட் என்பதால், 200ஐ 200ஆல் பெருக்கி 'இன்ட்' மாறியில் இட்டால் கிடைத்தது 40000 அன்று, -25536. 'வாய்ட் மெயின்', 'கொனியோ' தலைப்புக் கோப்பு, 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' ஆகியவற்றையே சி மொழி என்று மனப்பாடம் செய்தவர்கள் லினக்ஸ் முன் உட்கார்ந்ததும் திணறினர். குறை மாணவருடையதன்று, பாடத்திட்டத்துடையது.

1999ஆம் ஆண்டுத் தரம் அளவு வரையறுத்த முழு எண் வகைகளைத் தந்தது. ஆயினும் 'லாங்' இன்றும் 64 பிட் விண்டோஸில் 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64 பிட். கற்போர் தம் நிரலை ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் எச்சரிக்கைகளை முடுக்கிவிட்டுத் தொகுத்துப் பார்ப்பது நல்லது, இரண்டும் இலவசம்.