பீங்கான் தூசி எந்தக் கணக்கில்?

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழில் பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. எழுபதைத் தாண்டிய 43 பகுதிகள் மிக மோசமானவை எனக் குறிக்கப்பட்டன. கடலூர் 77.45 பெற்று 16ஆம் இடத்தில் நின்றது. அதே மாவட்டத்தின் விருத்தாசலம் அந்த 43இல் இல்லை. பட்டியலில் இல்லாத ஊர் சுத்தமான ஊர் என்று மாணவிகள் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். வாரியம் அப்படிச் சொல்லவில்லைதான். பட்டியல்களைப் படிக்கும் பழக்கம் அப்படிச் சொல்ல வைக்கிறது.

விருத்தாசலத்துப் பீங்கானின் கதையை நெய்வேலியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் இருந்தது. அந்த மண்ணும் அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும் பயிற்சி நிலையமும் சேர்ந்து, மணிமுத்தாற்றங்கரைக் கோயில் ஊரைப் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் ஊராக ஆக்கின. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். கிணறு வற்றினால் குடத்தோடு நடப்பது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலி மின்சாரமோ கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி வரை போகிறது. கேரளம் பசுமை, கடலூர் மாசு என்று பேசும்போது, விளக்கு எரிவது ஓரிடம், சாம்பல் விழுவது ஓரிடம் என்பது மறந்துபோகிறது. (கொச்சியும் அந்த 43இல் ஒன்று.)

பொம்மைக் கொட்டகைக்குள் வருவோம். களிமண் கூழை அச்சில் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, ஒட்டுக்கோட்டைச் சீவி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். சீவுவதும் தேய்ப்பதும் வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கை வேலை. தேய்க்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. முந்தானையை மூக்கில் கட்டினால் அந்த நுண்தூசி நிற்காது. மாசு மதிப்பெண்ணுக்கான காற்றை வெளியில் அளக்கிறார்கள். கூரைக்குக் கீழே இருக்கும் காற்று அதில் சேர்வதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேர், இல்லாமல் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கே அந்தச் சட்டம் என்றும் வைத்தது. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தேய்க்கும் கொட்டகை வாசலில் அது நின்றுவிட்டது.

உலகக் கணக்கு ஒன்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிடும் சுற்றுச்சூழல் குறியீட்டில் 2022இல் இந்தியா 180 நாடுகளில் 180ஆவது. அரசு அதை ஏற்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்தக் குறியீடு விறகடுப்புப் புகையையும் எண்ணுகிறது. நாடுகளை ஒப்பிடும்போது கணக்கில் வரும் அடுப்பங்கரை, ஊர்களை ஒப்பிடும்போது காணாமல் போகிறது. பகலில் தூசியும் மாலையில் புகையும் போவது ஒரே நெஞ்சுக்குள்.

சிலிகோசிஸைக் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுப்பது நாட்டின் பல இடங்களிலும் நடந்திருக்கிறது. இருமல், இளைப்பு, எடை குறைதல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கும். எத்தனை வருஷம், என்ன வேலை செய்தாள் என்று தெரிந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். கூலிப் பதிவேடே இல்லாத கொட்டகையில் தேய்த்தவளிடம் அதற்குக் காட்ட ஒரு தாளும் இல்லை.