முன்கூட்டியே எழுதப்படும் குறைதீர் கற்றல்: ஆயத்தப் பாடக்குறிப்புகளின் பயனும் எல்லையும்

தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரந்தோறும் பாடக்குறிப்புகள் பிடிஎஃப் கோப்புகளாக வந்து சேர்கின்றன. அவை குறிப்பேட்டில் ஏறித் தலைமையாசிரியரின் கையொப்பமும் பெற்றுவிடுகின்றன. இதைச் சோம்பல் என்று கண்டிப்போர் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளுக்குப் பல பாடங்களை நடத்துகையில், ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் திட்டம் தீட்டச் சொல்வது நடக்கிற காரியமா? அரசே 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வகுப்பறைச் செயல்பாடுகளை ஆசிரியர் கையேட்டில் வரிசைப்படுத்தித் தந்தது. ஆகவே இரவல் கூடுமா என்று வாதிடுவதில் பயனில்லை. எதை இரவல் பெறலாம், எதைப் பெறவே முடியாது என்பதுதான் ஆராயத்தக்கது.

ஆய்வுச் சான்றுகள் இரவலுக்கு ஆதரவாகவே உள்ளன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடுநிலை வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஆயத்தப் பாடங்களைக் குலுக்கல் முறையில் வழங்கிச் சோதித்த கிராபோ ஜாக்சன், அலெக்சி மகாரின் ஆகியோரின் ஆய்வு 2018இல் வெளியானது. பாடங்களோடு இணையவழி உதவியும் கிடைத்த ஆசிரியர்களின் மாணவர்கள் ஏறத்தாழ 0.09 திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேறினர். திறன் குறைந்த ஆசிரியர்களுக்கே பலன் அதிகம். அதே ஆண்டில் பெஞ்சமின் பைப்பரும் அவருடைய குழுவினரும் 13 நாடுகளின் 19 திட்டங்களில் பயன்பட்ட ஆசிரியர் கையேடுகளை ஒப்பிட்டனர். ஆசிரியர் பேச வேண்டியதைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தந்தவற்றைவிட, எளிமையாகச் சுருக்கி வழிகாட்டியவையே மேலான பலன் தந்தன. கைத்தடி உதவுகிறது, கட்டிப்போட்டால் நடை தடைப்படுகிறது.

ஏன் என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கே போதும். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 376 என்று எழுதும். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இன்னொரு பிள்ளை 134 என்று எழுதும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் ஒன்றுகளுக்கு வேண்டியதைப் பத்துகளில் உள்ள சுழியத்தைத் தாண்டி நேரே நூறுகளில் வாங்கிவிட்டது. பிறகு பத்துகளுக்காக நூறுகளிடமே மறுபடி கை நீட்டியது. சரியான விடை 224. முதல் பிள்ளைக்கு நூறு, பத்துக் கட்டுகளைக் கையில் கொடுத்துக் கடன் வாங்குவதையே தொடக்கத்திலிருந்து காட்ட வேண்டும். இரண்டாவதற்கு ஒரு நூறைப் பத்துப் பத்துகளாகப் பிரித்துக் காட்டினால் போதும். இத்தகைய பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒழுங்கான விதிகளைப் பின்பற்றி வருபவை என்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978இலேயே விளக்கியிருக்கின்றனர்.

நமது பாடக்குறிப்பின் படிவமோ ஆர்வமூட்டல், வலுவூட்டல், மதிப்பீடு என்று நகர்ந்து ‘குறைதீர் கற்றல்’ என்ற கட்டத்துக்கு வருகிறது. கல்வியியலாளர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஐந்து படிகளின் சாயல் இதில் இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பாடமே நடக்காத நிலையில் குறைதீர் கட்டமும் நிரப்பப்பட்டுவிடுகிறது. எந்தப் பிள்ளையின் எந்தக் குறை? ‘மெல்லக் கற்போருக்கு மீண்டும் விளக்குதல்’ என்று எழுதினால் அது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும். எனவே எதற்கும் பொருந்தாது. இரவல் பெற முடியாத பகுதி இதுதான். நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, பயிற்சிக் கணக்கு ஆகிய மற்றவற்றைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

குறிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. கற்றல் விளைவுகளின் பட்டியலைப் பார்த்துத் தேர்வதில் பயனில்லை. அது எல்லாவற்றிலும் பாடநூலிலிருந்து வந்ததே. எடுத்துக்காட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கழித்தலுக்கு 345 – 123 என்று கணக்குத் தரும் குறிப்பை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். அதில் கடனுக்கே வேலையில்லை. சுழியம் வரும் கணக்கு இருக்கிறதா, தவறான விடைகள் சிலவற்றையாவது எதிர்பார்த்திருக்கிறதா என்பவை அடுத்த சோதனைகள்.

மேற்பார்வைக்குச் சான்று வேண்டாமா என்று அலுவலர்கள் கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அழகான கையெழுத்தில் நகலெடுத்த நான்கு பக்கங்கள் எதற்கும் சான்றாகா. அச்சிட்ட குறிப்பை அப்படியே ஒட்டிக்கொள்ள அனுமதித்து, குறைதீர் கட்டத்தை மட்டும் பாடம் முடிந்த பிறகு கையால் நிரப்பச் சொல்லலாம். ‘376: ஆறு பேர், 134: இருவர்’ என்று அங்கே இருந்தால், பார்வையிடுபவர் அந்த எட்டுப் பேரின் கணக்கு நோட்டுகளை வாங்கிச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.