வேலியன்ட் (சிம்பொனி)

வேலியன்ட் என்பது திரையிசையமைப்பாளர் இளையராஜா (பிறப்பு 1943) மேற்கத்திய இசைக்குழுவுக்காக எழுதிய, நான்கு பகுதிகள் கொண்ட சிம்பொனி. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில், மிகேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இதை அரங்கேற்றியது. அந்த அரங்கம் 1932இல் சினிமா தியேட்டராகத் திறக்கப்பட்டது. திரையிசையமைப்பாளர் ஒருவரின் சிம்பொனிக்குப் பொருத்தமான கூரைதான்.

ராயல் பில்ஹார்மோனிக் குழுவை 1946இல் தொடங்கியவர் தாமஸ் பீச்சம். 1993இல் இதே குழு, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் முந்தைய சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தது. அது வெளியாகவில்லை. 2005இல் புடாபெஸ்ட் குழுவுடன் வந்த ‘திருவாசகம்’ குரலையும் பாடலையும் நம்பிய படைப்பு. அதைச் சிம்பொனிக் கணக்கில் சேர்ப்பது சரியன்று.

ஹைடன் காலத்தில் சிம்பொனி என்ற வடிவம் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது; 1824இல் தன் ஒன்பதாம் சிம்பொனியில் அதற்குப் பாடகர் குழுவையும் சேர்த்தார் பீத்தோவன். 1910இல் மியூனிக்கில் மாலரின் எட்டாம் சிம்பொனி அரங்கேறியபோது பாடுவோரும் வாசிப்போரும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் பேர். எவ்வளவு பெருத்தாலும் அடிப்படை ஒன்றே: ஒவ்வொரு வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரமும் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்கும். நம் கச்சேரியில் மேடையிலேயே கற்பனை செய்து பாடும் மனோதர்மத்துக்கு அங்கே இடமில்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜாவுக்கு இது புதிதல்ல. வாத்தியத்தைத் தொடாமலே முழு இசைக்குறிப்பையும் எழுதிக் கொடுப்பது அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்துப் பழக்கம். பாடல் வரியோ காட்சியோ தாங்காமல் இசை தானாகவே நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே அவர் எடுத்துக்கொண்ட கடினமான வேலை.

‘ஆசியாவின் முதல் சிம்பொனி’ என்ற புகழுரை ஏற்கத்தக்கதல்ல. ஜப்பானியரான யமதா கோசாகு 1912இலேயே ஒன்று எழுதிவிட்டார். ரவிசங்கரின் சிம்பொனியை 2010இல் லண்டன் பில்ஹார்மோனிக் வாசித்தது. ஆனால் அதன் நடுநாயகம் சிதார். இளையராஜா அப்படி ஓர் இந்திய வாத்தியத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அவரைத் தமிழகத்தோடு மட்டும் நிறுத்துவதும் பொருந்தாது. அவர் பெற்ற ஐந்து தேசியத் திரைப்பட விருதுகளில் இரண்டு, ‘சாகர சங்கமம்’, ‘ருத்ரவீணை’ என்ற தெலுங்குப் படங்களுக்கானவை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோர் அவரை இரு மொழியிலும் கேட்டே வளர்ந்தவர்கள்.

2025 செப்டம்பர் 13 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தமிழக அரசு அவருடைய திரையிசைப் பயணத்துக்குப் பொன்விழா எடுத்தது. அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அங்கே அறிவித்தார்.