தொடர்ச்சிச் சமன்பாடு (பாய்ம இயக்கவியல்)

பாய்ம இயக்கவியலில் தொடர்ச்சிச் சமன்பாடு என்பது, ஓடும் பாய்மத்தின் நிறை புதிதாகத் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை என்னும் விதியைக் கணித வடிவில் கூறும் சமன்பாடு ஆகும். நீர்மங்களும் வளிமங்களும் பாய்மங்கள் எனப்படுகின்றன. ஓர் இடத்துக்குள் நுழையும் பாய்மத்தின் நிறையை வரவாகவும், வெளியேறும் நிறையைச் செலவாகவும் கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்விடத்தின் இருப்பில் ஏற்படும் மாற்றத்துக்குச் சமமாகும்.

பள்ளிப் பாடங்களில் இச்சமன்பாடு "பரப்பு × வேகம் = மாறிலி" என்ற வடிவில் அறிமுகமாகிறது. இது சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஒரு சிறப்பு வடிவம் மட்டுமே. நிபந்தனைகளை மறந்து இதைப் பயன்படுத்தும்போது தவறான முடிவுகள் கிடைக்கும். மேலும், தொடர்ச்சிச் சமன்பாடு ஓட்டத்தின் கணக்கைத்தான் கூறுகிறது. ஓட்டத்தின் காரணத்தைக் கூறுவதில்லை.

வரலாறு

குழாயிலோ வாய்க்காலிலோ செல்லும் நீரின் அளவைக் கணக்கிட, குறுக்குவெட்டுப் பரப்பு, வேகம் ஆகிய இரண்டும் தேவை என்பது இன்று எளிதாகத் தோன்றும் உண்மை. அலெக்சாந்திரியாவின் ஏரோன் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே இதைக் குறிப்பிட்டுள்ளார். ஆனால் இக்கருத்து நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

கி.பி. 97 இல் உரோம் நகரின் நீர் வழங்கல் பொறுப்பை ஏற்ற புரொன்டினசு, நகரின் நீர்க்கால்வாய்கள் பற்றி எழுதிய நூலில் ஒரு கணக்குச் சிக்கலைப் பதிவு செய்துள்ளார். பழைய பதிவேடுகளின்படி நகருக்கு வந்த நீர் 12,755 குயினாரியா. பகிர்ந்து அளிக்கப்பட்டதோ 14,018 குயினாரியா. வரவை விடச் செலவு 1,263 மிகுதியாக இருந்தது. இதனால் ஐயுற்ற அவர் தாமே கால்வாய்களை அளக்கத் தொடங்கினார். பணியாளர்களின் முறைகேடுகளையும் நீர்த் திருட்டையும் கண்டறிந்தார். எனினும் குயினாரியா என்பது குழாய் வாயின் அளவை அடிப்படையாகக் கொண்ட அலகு. அதில் வேகத்துக்கு இடமில்லை. விரைந்து ஓடும் நீர் அளவில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அவர் கவனித்திருந்தும், வேகத்தை அளந்து கணக்கில் சேர்க்கும் வழி அவரிடம் இல்லை. ஆகவே அவருடைய அளவீடுகளால் வரவு செலவை முழுமையாகச் சரிபார்த்திருக்க முடியாது.

1500ஆம் ஆண்டையொட்டி லியொனார்டோ டா வின்சி, ஓர் ஆறு அகலமான இடத்திலும் குறுகிய இடத்திலும் சம நேரத்தில் சம அளவு நீரையே கடத்துகிறது என்று தம் குறிப்பேடுகளில் எழுதினார். கலிலியோவின் மாணவரான பெனெடெட்டோ காசுட்டெல்லி 1628இல் வெளியிட்ட ஓடும் நீரின் அளவீடு பற்றிய நூலில் இவ்விதியைத் தெளிவாக நிறுவினார். 1752இல் டெலாம்பர் சில வகை ஓட்டங்களுக்கு இதன் வகையீட்டு வடிவத்தைத் தந்தார். இன்று பயன்படும் பொதுவான வகையீட்டு வடிவம், லியோனார்டு ஆய்லர் 1757இல் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்றது.

குறியீடுகள்

இக்கட்டுரையில் பின்வரும் குறியீடுகள் பயன்படுத்தப்படுகின்றன:

- அ – பாய்மத்தின் அடர்த்தி
- ப – ஓட்டத்துக்குச் செங்குத்தான குறுக்குவெட்டுப் பரப்பு
- வ – அப்பரப்பில் சராசரி வேகம்
- கா – காலம்
- ச₁, ச₂, ச₃ – ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகள்
- வ₁, வ₂, வ₃ – அந்த அச்சுகளின் திசையில் வேகக் கூறுகள்

குழாய் ஓட்டத்திற்கான வடிவம்

ஒரு குழாயின் குறுக்குவெட்டை ஒரு நொடியில் கடக்கும் பாய்மம், அக்குறுக்குவெட்டை அடியாகவும் அந்நொடியில் பாய்மம் நகரும் தொலைவை நீளமாகவும் கொண்ட ஓர் உருளையாகக் கருதப்படலாம். அதன் கனவளவு ப × வ. அடர்த்தியால் பெருக்கினால் அதன் நிறை, அதாவது நிறை ஓட்ட வீதம், அ × ப × வ ஆகும்.

ஓட்டம் காலத்தால் மாறாததாகவும், குழாயில் கசிவோ கிளையோ இல்லாததாகவும் இருந்தால், குழாயின் எந்த இரு குறுக்குவெட்டுகளுக்கும் இப்பெருக்கற்பலன் சமமாகும்:

அ × ப × வ = மாறிலி

அடர்த்தியும் மாறாதிருந்தால் இது மேலும் சுருங்கும்:

ப × வ = மாறிலி

எடுத்துக்காட்டாக, 2 செ.மீ. உள்விட்டம் கொண்ட குழாயில் நீர் நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். குழாயின் முனை 1 செ.மீ. விட்டமாகக் குறுகினால், பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது; எனவே முனையில் வேகம் நொடிக்கு 2 மீட்டர். இரு இடங்களிலும் ஓட்ட வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9.4 லிட்டர்தான். விட்டம் பாதியானால் வேகம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

குழாய் கிளைகளாகப் பிரியுமானால், கிளைகளின் ஓட்ட வீதங்களின் கூட்டுத்தொகை முதன்மைக் குழாயின் ஓட்ட வீதத்துக்குச் சமமாகும்.

தொகையீட்டு வடிவம்

இடவெளியில் கற்பனையாக வரையறுக்கப்பட்ட ஒரு பகுதி கட்டுப்பாட்டுக் கனவளவு எனப்படும். அதற்கு நிறை அழியா விதி பின்வருமாறு பொருந்தும்:

உள்ளிருக்கும் நிறை மாறும் வீதம் = உட்புகும் நிறை ஓட்ட வீதம் − வெளியேறும் நிறை ஓட்ட வீதம்

மேல்நிலை நீர்த்தொட்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 20 லிட்டர் நீர் ஏறி, 15 லிட்டர் வெளியேறினால், தொட்டியின் இருப்பு நிமிடத்துக்கு 5 லிட்டர் கூடும். இங்கு வரவும் செலவும் சமமில்லை. ஆயினும் தொடர்ச்சிச் சமன்பாடு மீறப்படவில்லை. வரவும் செலவும் சமம் என்பது இருப்பு மாறாத நிலைக்கு மட்டுமே உரியது.

வகையீட்டு வடிவம்

கட்டுப்பாட்டுக் கனவளவை மிகச் சிறிய கனசதுரமாகச் சுருக்கினால், ஒவ்வொரு புள்ளியிலும் பொருந்தும் சமன்பாடு கிடைக்கிறது. கனசதுரத்தின் எதிரெதிர் முகங்கள் மூன்று இணைகளாக உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒரு முகத்தின் வழியே வெளியேறும் நிறைக்கும் எதிர்முகத்தின் வழியே புகும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, மூன்றையும் கூட்டினால்:

∂அ/∂கா + ∂(அ வ₁)/∂ச₁ + ∂(அ வ₂)/∂ச₂ + ∂(அ வ₃)/∂ச₃ = 0

முதல் உறுப்பு அப்புள்ளியில் அடர்த்தி மாறும் வீதத்தைக் குறிக்கிறது. ஏனைய மூன்றின் கூட்டுத்தொகை, ஓரலகு கனவளவிலிருந்து நிறை வெளியேறும் நிகர வீதம் ஆகும். திசையன் நுண்கணிதத்தில் இது நிறைப் பாயத்தின் விரிதல் எனப்படும்.

ஒவ்வொரு பாய்மத் துளியும் தன் அடர்த்தியை மாற்றாமல் நகருமானால், சமன்பாடு பின்வருமாறு எளிமையாகிறது:

∂வ₁/∂ச₁ + ∂வ₂/∂ச₂ + ∂வ₃/∂ச₃ = 0

இத்தகைய ஓட்டம் அமுக்கமுறா ஓட்டம் எனப்படும். இதற்குப் பாய்மம் முழுவதும் ஒரே அடர்த்தி இருக்க வேண்டும் என்பதில்லை. கடலில் உப்புச்செறிவும் வெப்பநிலையும் மாறுவதால் அடர்த்தி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது; எனினும் ஒவ்வொரு துளியும் தன் அடர்த்தியை ஏறத்தாழக் காத்துக்கொள்வதால் இவ்வடிவம் அங்கும் பயன்படுகிறது. காற்றோட்டத்திலும் வேகம் ஒலியின் வேகத்தில் 0.3 மடங்குக்குக் குறைவாக இருந்தால், வேகத்தால் ஏற்படும் அடர்த்தி மாற்றம் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். பொறியியல் கணக்குகளில் இது பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டுகள்

குழாயிலிருந்து விழும் நீர்

வீட்டுக் குழாயிலிருந்து மெதுவாக விழும் நீர்த்தாரை கீழே செல்லச் செல்ல மெலிவதைக் காணலாம். புவியீர்ப்பால் வேகம் கூடுகிறது. ஓட்ட வீதம் மாறாததால் பரப்பு குறைகிறது. 1.5 செ.மீ. விட்டத்துடன் நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் வெளிப்படும் தாரை, 20 செ.மீ. விழுந்தபின் நொடிக்கு ஏறத்தாழ 2.04 மீட்டர் வேகத்தை அடைகிறது. அங்கு அதன் விட்டம் ஏறத்தாழ 0.74 செ.மீ. இந்நிகழ்வில் பரப்பு குறைந்ததால் வேகம் கூடவில்லை. வேகம் கூடியதால் பரப்பு குறைந்தது.

குருதி ஓட்டம்

ஓய்வில் இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. பெருந்தமனியின் பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர செ.மீ. என்பதால், அங்குச் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 33 செ.மீ. தந்துகிகள் ஒவ்வொன்றும் மிக நுண்ணியவை. ஆதலால் அவற்றில் குருதி விரைந்து ஓடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கணக்கில் கொள்ள வேண்டியது அவை அனைத்தின் மொத்தப் பரப்பு. அது ஏறத்தாழ 2500 சதுர செ.மீ. என்பதால், வேகம் ஆயிரத்தில் ஒரு பங்காக, நொடிக்கு ஏறத்தாழ 0.33 மி.மீ. ஆகக் குறைகிறது. ஆக்சிசனும் ஊட்டப்பொருள்களும் திசுக்களுக்குச் செல்ல இம்மெதுவான ஓட்டம் அவகாசம் தருகிறது.

சூடாகும் வளிமம்

சீரான விட்டமுள்ள குழாயில் செல்லும் வளிமம், அழுத்தம் பெரிதும் மாறாமல் 300 கெல்வினிலிருந்து 600 கெல்வினுக்குச் சூடானால், அடர்த்தி பாதியாகிறது. பரப்பு மாறாதபோதும் வேகம் இரு மடங்காகிறது.

ஒலியின் வேகத்தைக் கடந்த ஓட்டம்

உராய்வும் வெப்பப் பரிமாற்றமும் இல்லாத ஓட்டத்தில், ஒலியை விட இரு மடங்கு வேகத்தில் செல்லும் வளிமத்தின் வேகம் 1 விழுக்காடு கூடினால், அடர்த்தி ஏறத்தாழ 4 விழுக்காடு குறைகிறது. நிறை ஓட்ட வீதம் மாறாதிருக்கப் பரப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு விரிய வேண்டும். அதாவது, இங்கு வேகம் கூடுவதற்குக் குழாய் குறுகக்கூடாது, அகல வேண்டும். முதலில் குறுகிப் பின்னர் அகலும் லவால் நாசில் இவ்வகையில் செயல்படுகிறது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் குசுத்தாவ் டி லவால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிச் சுழலிக்காக இதை உருவாக்கினார். ஏவூர்திப் பொறிகளின் அடிப்பகுதி மணி போல் விரிந்திருப்பதும் இதனாலேயே.

பொதுவான தவறான புரிதல்கள்

குழாயின் வாயை விரலால் மூடுதல்: தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் விரைந்து பீய்ச்சியடிக்கிறது. பரப்பு குறைந்ததால் வேகம் கூடியது என்று மட்டும் விளக்குவது போதாது. அவ்விளக்கம், மூடுவதற்கு முன்னும் பின்னும் ஓட்ட வீதம் ஒன்றே என்று கொள்கிறது. தொடர்ச்சிச் சமன்பாடு அவ்வாறு கூறவில்லை. ஒரே கணத்தில் குழாயின் இரு குறுக்குவெட்டுகளில் ஓட்ட வீதம் சமம் என்றுதான் அது கூறுகிறது. ஓட்ட வீதம் உண்மையிலேயே மாறாதிருந்தால், வாய் முழுவதும் அடைபடும் நிலையை நெருங்கும்போது வேகம் எல்லையின்றிக் கூட வேண்டும், அவ்வாறு நிகழ்வதில்லை.

உண்மையில் விரலால் மூடும்போது ஓட்ட வீதம் குறைகிறது. அதனால் நீண்ட குழாயில் உராய்வால் இழக்கப்படும் அழுத்தமும் குறைகிறது. மிஞ்சும் அழுத்தம் வாயில் நீரை முடுக்குகிறது. வேகத்தின் உச்ச எல்லையை வழங்கல் அழுத்தம் முடிவு செய்கிறது. காற்று மண்டல அழுத்தத்தை விட 200 கிலோபாசுக்கல் கூடுதலான அழுத்தத்தில் நீர் வந்தால், அவ்வெல்லை நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஆகும். இதை அறிய ஆற்றல் பற்றிய பெர்னூலி சமன்பாடு தேவை. தொடர்ச்சிச் சமன்பாடு மட்டும் போதாது.

விமான இறக்கை: இறக்கையின் முன்விளிம்பில் பிரியும் காற்று, மேலும் கீழும் சென்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்றும், அதனால் மேற்புறக் காற்று விரைந்து செல்கிறது என்றும் சில நூல்கள் கூறுகின்றன. தொடர்ச்சிச் சமன்பாடு அத்தகைய நிபந்தனை எதையும் விதிக்கவில்லை. ஏற்றவிசை தரும் இறக்கையில் மேற்புறக் காற்று முன்னதாகவே பின்விளிம்பை அடைகிறது.

பயன்பாடுகள்

வெஞ்சுரிமானி: குழாயின் அகன்ற பகுதிக்கும் குறுகிய பகுதிக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளந்து, தொடர்ச்சிச் சமன்பாட்டையும் பெர்னூலி சமன்பாட்டையும் இணைத்து ஓட்ட வீதம் கணக்கிடப்படுகிறது.

கசிவு கண்டறிதல்: எண்ணெய், எரிவளிக் குழாய்த்தடங்களில் புகும் நிறையும் வெளியேறும் நிறையும் தொடர்ந்து ஒப்பிடப்படுகின்றன. குழாய்க்குள் இருப்பில் ஏற்படும் மாற்றத்தைக் கழித்த பின்னும் வேறுபாடு நீடித்தால் கசிவு இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. எரிவளி அமுக்கத்தக்கது என்பதால், இருப்பைக் கணக்கில் கொள்ளாவிடில் பொய்யான எச்சரிக்கைகள் எழும்.

கணிப்பியப் பாய்ம இயக்கவியல்: அமுக்கமுறா ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கும்போது, அழுத்தத்துக்கெனத் தனிச் சமன்பாடு இல்லை. உந்தச் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் வேகங்கள் தொடர்ச்சிச் சமன்பாட்டை நிறைவு செய்யும் வரை அழுத்தம் திருத்தப்படுகிறது. பதாங்கரும் சுபால்டிங்கும் 1972இல் வெளியிட்ட சிம்பிள் படிமுறைத்தீர்வு இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சும் நிறை வேறுபாடு, தீர்வு எந்த அளவுக்கு நிறைவடைந்துள்ளது என்பதற்கான அளவுகோல்களுள் ஒன்று.

பிற துறைகளில்

அழியாத எந்த ஓர் அளவுக்கும் இதே வடிவில் சமன்பாடு எழுதலாம். மின்னியலில் நிறைக்குப் பதில் மின்னூட்டம் இடம்பெறுகிறது. மின்சுற்றின் சந்தியில் புகும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்னும் கிர்க்காஃபின் விதி, மின்னூட்டம் சேராத நிலைக்கு உரிய தொடர்ச்சிச் சமன்பாடே. சாலைப் போக்குவரத்தில் லைட்ஃகில், விட்டாம் ஆகியோர் 1955இலும் ரிச்சர்ட்சு 1956இலும் ஊர்திகளின் எண்ணிக்கைக்கு இதைப் பயன்படுத்தினர். இவை அனைத்திலும் தொடர்ச்சிச் சமன்பாட்டுடன், ஓட்டத்தின் வேகத்தை முடிவு செய்யும் வேறொரு விதியும் சேர்ந்தால்தான் முழுத் தீர்வு கிடைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- பாய்ம இயக்கவியல்
- பெர்னூலி சமன்பாடு
- நேவியர்-இசுட்டோக்சு சமன்பாடுகள்
- நிறை அழியா விதி
- வெஞ்சுரி விளைவு
- கிர்க்காஃபின் மின்சுற்று விதிகள்