பயண இழுவை வண்டிகளின் கட்டுமான வரலாறு

பயண இழுவை வண்டி என்பது படுக்கை, சமையலிடம் முதலிய வசதிகளுடன், வேறொரு வாகனத்தின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு ஆகும். இதற்குச் சொந்த இயந்திரம் இல்லை. எனவே இதன் ஆயுள் அடிச்சட்டம், கூரை, இணைப்புகள் ஆகியவற்றின் தரத்தைப் பொறுத்தது.

முன்னோடிகள்

தமிழ்நாட்டுக் கூண்டு வண்டியை இதன் உறவாகக் கருதலாம். தேன்கனிக்கோட்டை போன்ற மலைப்பாங்கான பகுதிகளின் கரடுமுரடான பாதைகளுக்கு உறுதியான சக்கரம் தேவை. குடம், ஆரக்கால், வட்டை ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்தி, காய்ச்சிய இரும்புப் பட்டையை மேலே மாட்டி நீரூற்றுவர். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். உடைந்த உறுப்பை மட்டும் மாற்ற முடிவதால் வண்டி நெடுநாள் உழைத்தது.

இங்கிலாந்தில் 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டியைச் செய்வித்தார். உல்லாசப் பயணத்துக்கென்றே உருவான முதல் வீட்டு வண்டியாக இது கருதப்படுகிறது. மகோகனி, மேப்பிள் மரங்களால் ஆன இவ்வண்டி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அலுமினிய உடல்

அமெரிக்காவில் 1934இல் ஹாலி பவுலஸ் அலுமினிய வண்டி ஒன்றை வடிவமைத்தார். இவர் லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். 1936இல் வாலி பையமின் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வெளிவந்தது. விலா எலும்பு போன்ற வளைவுகளில் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்ததால், வெளித்தோலும் சுமையைத் தாங்கியது.

மரச்சட்டமும் குறைகளும்

விலை குறைந்த வண்டிகளில் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய தகடு பொருத்தப்பட்டது. ஓட்டத்தின் அதிர்வால் கூரை மூட்டுகள் விரியும், மழைநீர் புகும், சுவருக்குள் மரம் உளுத்துப்போகும். வெளியே தெரியும்போது சேதம் முற்றியிருக்கும்.

2005 கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தோர் இத்தகைய வண்டிகளில் குடியமர்த்தப்பட்டனர். 2008இல் 519 வண்டிகளில் நடந்த அரசு ஆய்வில், காற்றில் ஃபார்மால்டிகைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. இது வழக்கமான வீடுகளில் உள்ளதைவிட மிகுதி. ஒட்டுப்பலகைகளின் பசை இதற்கு முக்கியக் காரணம். விடுமுறைக்கான வண்டி நிரந்தர வீடானதன் விலையை அங்குக் குடியிருந்தோர் கொடுத்தனர்.

இந்தியாவில்

இங்கு இழுவை வண்டியைவிட, பேருந்து அடிச்சட்டத்தின் மேல் கட்டப்படும் இயந்திர வீட்டு வண்டியே அதிகம் அறியப்பட்டது. ஓசூரில் அசோக் லேலண்டு 1980 முதல் வாகனங்களை உற்பத்தி செய்கிறது. கரூர் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இயந்திர வீட்டு வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை உள்ளது. ஆனாலும் ஆண்டுதோறும் மழைக்கு முன் கூரை மூட்டுகளைச் சோதித்து அடைப்பது உரிமையாளரின் பொறுப்பே ஆகும்.