யோசேப்பு, யூசுப், சூசை, வளன்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், பேரனுக்கு வளன்னு பேர் வைக்கப் போறோம். இது தமிழ்ப் பேரா, வேதப் பேரா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம், 30ஆம் அதிகாரம். யாக்கோபின் மனைவி ராகேல் நெடுநாள் பிள்ளையில்லாமல் தவித்தவள். கடைசியில் ஒரு மகன் பிறந்தான். கடவுள் இன்னொரு மகனையும் சேர்த்துத் தரட்டும் என்று வேண்டி அவனுக்கு யோசேப்பு என்று பெயரிட்டாள். எபிரேயத்தில் அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்குக் கூட்டுதல், பெருகச் செய்தல் என்று பொருள். அண்ணன்மார் விற்றுவிட்ட அந்தப் பிள்ளைதான் எகிப்தில் ஏழு வருட விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்து, அடுத்த ஏழு வருடப் பஞ்சத்தில் ஊருக்கே சோறு போட்டவன். நெல் விளையும் ஊர்க்காரர்களான நமக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் இவர் பெயரிலேயே இருக்கிறது, அங்கே யூசுப். இயேசுவை வளர்த்த தச்சருக்கும் இதே பெயர்தான். போர்த்துக்கீசியர் அதை ஜோசே என்றார்கள். நம் வாயில் சூசை ஆயிற்று.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் இயற்பெயரிலும் யோசேப்பு உண்டு. அவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் நாயகர் அந்தத் தச்சரே. 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் அவருக்கு வளன் என்று பெயர் சூட்டினார். நலம் நலன் ஆவதுபோல வளம் வளன். ராகேலின் வேண்டுதல் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் தெரியாத வயதில் நான் ஒரு தவறு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு சூசை இருந்தான். ஜோசப் என்பதன் கொச்சைதானே என்று நினைத்து, வருகைப் பதிவேட்டில் நானே 'ஜோசப்' என்று மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் அவன் அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "அது எங்கப்பா பேரு சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடித்துவிட்டுப் பழையபடி எழுதினேன். அந்த அடித்தல் வருடக் கடைசி வரை தினமும் என் கண்ணில் பட்டது.

பெயரில் கொச்சை என்று ஒன்றில்லை. யாரோ ஒருவர் ஆசையோடு வைத்தது அது.

சூசை, நீ இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதப்பா. பேரன் வளனுக்கு இந்தத் தாத்தா வாத்தியாரின் ஆசீர்வாதம்.